ஃப்ரீசரிலிருந்து உப்பு வரை: ஒரு மான் தோலின் கதை

வாணியம்பாடியில் நான் வளர்ந்த தெருவில் தோலென்றால் முதல் வேலை மயிரை எடுப்பதுதான். சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்ஃபைடு கலந்து ஊறப்போடுவார்கள். மயிர் கூழாகிக் கழன்று வரும். அப்பா அந்தத் தொட்டியடியில்தான் பாதி ஆயுளைக் கழித்தார். நான் இப்போது கனடாவில், சஸ்காட்சுவான் மாகாணத்துச் சின்ன ஊர் ஒன்றில், விலங்குகளைப் பாடம் செய்யும் கடையில் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழ். தோலிலிருந்து ஒரு மயிர் போகக் கூடாது. போனால் அந்த இடம் சொட்டைதான். சுவரில் மாட்டிய தலையில், வரவேற்பறைக்கு வருகிறவர் கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான்.

நவம்பரில் மான் வேட்டைப் பருவம் சூடு பிடிக்கும்போது கடைக்குத் தோல் வர ஆரம்பிக்கும். முக்கால்வாசி உறைந்தே வரும். தலை, கழுத்து, தோள் வரைக்கும் சேர்த்து உரித்த தோலை இங்கே ‘கேப்’ என்பார்கள். கறுப்புக் குப்பைப் பைக்குள், நடுத்தர தர்ப்பூசணி அளவுக்குச் சுருண்டு, கல்லாக இருக்கும். அந்தக் கல்லை உப்புப் போட்டுக் காயவைத்த தோலாக்குவது வரைதான் இங்கே எழுதப் போகிறேன். அதற்குப் பின்னால் அமிலத் தொட்டி, பதனிடுதல், மான் தலை வடிவ அச்சின் மேல் போர்த்தித் தைத்தல் எல்லாம் தனிக் கதை. ஆனால் தோல் கெடுவது பெரும்பாலும் இந்த முதல் பாதியில்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து படிக்கிறவர்கள் காட்டு விலங்கை வைத்து இதைச் செய்துபார்க்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடந்த காட்டு விலங்குகூட அரசாங்கச் சொத்து. சாலையில் அடிபட்ட மயிலின் தோகையைப் பார்த்துச் சபலப்பட வேண்டாம். கை பழக வேண்டுமானால் கறிக்கடையில் வெள்ளாட்டுத் தோல் கேளுங்கள், தலையோடு சேர்த்து உரித்துத் தரச் சொல்லுங்கள். இங்கே சொல்லும் வேலை அத்தனையும் அதற்கும் பொருந்தும். காதும் இமையும் உதடும் ஆட்டுக்கும் உண்டு.

பையைப் பிரிப்பதற்கு முன்

பையைக் கொண்டுவருகிறவரிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். எப்போது சுட்டீர்கள், சுட்ட எத்தனை மணி நேரத்தில் உரித்தீர்கள், ஃப்ரீசரில் வைக்குமுன் உப்புப் போட்டீர்களா?

மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பெருமையாகச் சொல்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உப்பு நல்லது, ஃப்ரீசர் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று நினைத்திருப்பார். உப்புநீர் முழுக்க உறைவதற்கு மைனஸ் 21 டிகிரி வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான். ஆகவே உப்புப் போட்ட தோல் அதற்குள் கல்லாகாமல் நசநசவென்றே மாதக்கணக்கில் கிடக்கும். அப்படி வந்த தோலுக்கு முதல் இடம் கொடுத்து அன்றே வேலையைத் தொடங்குவேன். ஒன்று உப்பு, இல்லையென்றால் ஃப்ரீசர். வேட்டைக்குப் போகிறவர்களிடம் இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம், ஒவ்வொரு வருடமும் நாலு பை உப்போடு வருகிறது.

வேட்டை உரிமத்தோடு வந்த அடையாளச் சீட்டைத் தோலோடு கட்டி வைக்கவேண்டும், கடைசி வரைக்கும் அது பிரியக் கூடாது. அப்புறம் கையுறை. இந்த மாகாணத்தில் 2000ஆம் ஆண்டிலேயே காட்டு மான்களிடம் சி.டபிள்யூ.டி. என்ற நலிவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மூளையையும் நரம்பையும் அரிக்கும் நோய். அதை உண்டாக்கும் பிரியான் என்ற புரதம் உறைவதாலோ வேகவைப்பதாலோ அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனாலும் நைட்ரைல் கையுறை இல்லாமல் நான் தொடுவதில்லை, மண்டையோட்டை அறுக்கும் வேலைக்கு முகக்கவசமும் கண்ணாடியும் போடாமல் நிற்பதில்லை. வருவது முயலாக இருந்தால் துலரீமியா என்ற தொற்றுநோய், இன்னொரு தலைவலி. அந்தக் கிருமியும் ஃப்ரீசரில் சாவதில்லை. ‘ஐஸ்ல இருந்ததுதானே, சுத்தமா இருக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிர் கிருமியைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். இளகினால் எழுந்துவிடும்.

ஐஸ் விடுதல்

நான் சேர்ந்த முதல் வருடம், முதலாளி ஒரு கேப்பைக் கையில் கொடுத்து, ‘நாளைக்கு இதைப் பிரிக்கணும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவசரம். கீழ்த்தளத்தில் சூடேற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் வெளிப்பக்கம் நன்றாக இளகியிருந்தது, உள்ளே இன்னும் ஐஸ். எனக்குத் திருப்திதான். முதலாளி வந்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு விரலால் இடது காதின் நுனியில் மயிரைப் பிடித்து லேசாக இழுத்தார். வெந்நீரில் முக்கிய கோழிக்கு இறகு வருவதுபோல் ஒரு கொத்து வந்தது, அடியில் மெல்லிய மேல்தோலும் சேர்ந்து. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு காபி போடப் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சல்ஃபைடு வருவதற்கு முந்திய காலத்தில் தோலைக் கதகதப்பான, ஈரமான அறையில் தொங்கவிட்டு மயிரைக் கழற்றுவார்களாம், அப்பா சொல்லியிருக்கிறார். வேலையை முழுக்கக் கிருமியே செய்துவிடும். மேல்தோலை அரித்து, மயிர்க்காலை விடுவிக்கும். கீழ்த்தளத்துச் சூட்டில் நான் செய்து வைத்திருந்தது அதே வேலை. அறிந்து செய்தால் தொழில், அறியாமல் செய்தால் நட்டம்.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். தனியாகத் தோலுக்கென்று ஒரு குளிர்சாதனப் பெட்டி. சாப்பாட்டுப் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டில் வேறு வழியில்லையென்றால் பழைய பெட்டியொன்றை வாங்கி ஷெட்டில் வையுங்கள். உள்ளே 2 முதல் 4 டிகிரி இருக்கவேண்டும், மலிவான வெப்பமானி போதும். பையோடு ஒரு தட்டில் வைத்து விடுங்கள். இரத்தமும் நீரும் தட்டில் வடியும்.

மான் மயிர் உள்ளே கூடாக இருக்கும், காற்றை அடக்கி வைத்திருக்கும். அதனால்தான் மைனஸ் முப்பதிலும் அது நிம்மதியாகப் பனியில் படுத்துத் தூங்குகிறது. அதே மயிர் வெளிப்பக்கமாகச் சுருட்டின தோலில், உள்ளே இருக்கும் ஐஸை ஸ்வெட்டர் போட்டதுபோல் காப்பாற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் இளகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு நாள், பெரிய கிடா மானென்றால் மூன்று நாள்.

முதல் நாள் மாலையில் பையைத் திறந்து விரலால் அழுத்திப் பார்ப்பேன். இளகிய மடிப்பை மட்டும், இழுக்காமல், பிரித்துவிடுவேன். உறைந்த இடத்தில் பலவந்தமாகப் பிரித்தால் கிழியும், முக்கியமாகக் காதின் அடி. மறுநாள் காலை, மாலை இதேபோல். மடிப்புப் பிரியப் பிரியக் குளிர்க்காற்று உள்ளே போகும். இப்படிச் செய்தால் வெளிப்பக்கமும் உள்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இளகும். இதுதான் முழு ரகசியமும்: உள்ளே ஐஸ் விடுவதற்குள் வெளியே அழுகத் தொடங்கக் கூடாது.

உடனே வேண்டும் என்றால், காற்றுப் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். வெந்நீர், மைக்ரோவேவ், வெயில், முடி உலர்த்தும் கருவி இவையெல்லாம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

இளகினதும் பார்க்கவேண்டியவை

இளகிய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. அதுவரை பொறுமை, இனிமேல் வேகம். காலையில் இளகினால் இரவுக்குள் உப்புப் போட்டாகவேண்டும். பாதியில் நிறுத்தித் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் தோல் கொஞ்சம் பலவீனமாகும். நான் வைப்பதில்லை.

மேசையில் விரித்து முதலில் மூக்கால் பாருங்கள். பச்சை இறைச்சி வாடை, காட்டு வாடை இருக்கும், பரவாயில்லை. புளித்த வாடை வந்தால் சந்தேகம். உள்பக்கத்தில் பச்சை நிறம் தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. பிறகு விரலால்: காது நுனி, கண்ணைச் சுற்றி, உதட்டு ஓரம், கழுத்தின் அடி. லேசாக இழுத்தால் ஒன்றிரண்டு மயிர் வரத்தான் செய்யும். கொத்தாக வந்தால், மேல்தோலும் சேர்ந்து வந்தால், அந்த இடத்தைக் காப்பாற்ற முடியாது. அப்போதே உரிமையாளருக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் வேலை செய்துவிட்டுச் சொன்னால் அவர் உங்களைத்தான் குற்றம் சொல்வார்.

காதும் மூக்கும் உதடும் மஞ்சளாக, அட்டைபோல் காய்ந்திருந்தால் அது ஃப்ரீசர் வறட்சி. ஈரம் முழுக்க உறிஞ்சப்பட்ட தோல். ஈரத்துணியைச் சுற்றிக் குளிரிலேயே சில மணி நேரம் வைத்தால் சில சமயம் திரும்பும், பல சமயம் திரும்பாது. அதனால்தான் ஃப்ரீசரில் வைக்கும்போதே முகத்தைச் சுற்றி ஈரத்துணி போட்டு, பைக்குள் பை போட்டு, காற்றைப் பிதுக்கிக் கட்டச் சொல்கிறோம்.

இரத்தம் இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். தொண்டை வெள்ளையில் கறை நின்றுவிடும் என்று பயந்து சுடுதண்ணீர் ஊற்றினால் அது நிரந்தரமாக நின்றுவிடும். புடவையில் இரத்தக் கறை எடுத்தவர்களுக்கு இது தெரியும்.

முகம்

இங்கேதான் பாதி நாள் போகும். உப்பு எங்கே போய்ச் சேரவில்லையோ அங்கே மயிர் கழலும். முகத்தில் காது, இமை, உதடு, மூக்கு நான்கும் இரண்டு அடுக்கு. உள்ளே குருத்தெலும்போ சதையோ இருக்கும். அந்த அடுக்கைத் திறக்காமல் மேலே எவ்வளவு உப்புக் கொட்டினாலும் உள்ளே சேராது.

காது முதலில். காதின் பின்புறத் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே வழி உண்டு. அடியில் கத்தியால் வழியைக் காட்டிவிட்டு, பிறகு கத்தியை வைத்துவிடுவேன். முனை மழுங்கிய மரக்குச்சி, கரண்டிக் காம்பு, கடையில் விற்கும் காது திருப்பி, எதுவானாலும் சரி. மெல்ல நெம்பிக்கொண்டே போகவேண்டும். ‘சர்ர்’ என்று ஒரு மெல்லிய சத்தத்தோடு பிரியும். காலுறையை உள்வெளியாகத் திருப்புவதுபோல், காதே முழுக்கத் திரும்பிவிடும். ஓரத்தில் கடைசிச் சில மில்லிமீட்டர்தான் ஆபத்து. அங்கே தோல் பட்டுப்போல் மெலிசு, அவசரப்பட்டால் விரல் வெளியே வந்துவிடும். ஆனால் பயந்து அரை அங்குலம் விட்டுவிட்டால் மயிர் கொட்டுவது அந்த அரை அங்குலத்தில்தான். என் முதல் தோலில் மட்டுமா, அதற்குப் பிறகும் இரண்டு முறை அந்த ஓரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணுக்கு, இமையை வெளியிலிருந்து ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, உள்பக்கத்தில் சிறு கத்தியால் சதையைச் சீவி, உள் ஜவ்வையும் வெளித்தோலையும் பிரித்துத் திறக்கவேண்டும். ஜவ்வை வெட்டி எறிந்துவிடாதீர்கள். கண்ணாடிக் கண்ணைப் பொருத்தும்போது உள்ளே மடித்துச் செருக அதுதான் வேண்டும். கண்ணின் முன்மூலையில் மானுக்கு ஒரு குழி இருக்கும், சுரப்பி. அதன் அடிவரைக்கும் தோல் போகிறது. அதைத் தெரியாமல் வெட்டினால் முகத்தில் ஓட்டை.

உதட்டைப் புத்தகம் திறப்பதுபோல் திறக்கவேண்டும். வெளித்தோல் ஒரு பக்கம், வாய்க்குள் இருந்த வழவழப்பான ஜவ்வு மறுபக்கம், நடுவில் இருக்கும் சதை வெளியே. மூக்கும் அப்படியே, துவாரத்தின் உள்ளே குருத்தெலும்பை எடுத்துவிட்டு விரிக்கவேண்டும். மீசை முடியின் வேர் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும், அங்கே ஆழமாகச் சீவாதீர்கள். வேரைச் சீவினால் வெளியே மீசை உதிர்ந்துவிடும்.

இந்த வேலைக்கு நடுவே தோல் சூடானதாகத் தோன்றினால் பாதி முகத்தோடே குளிர்பெட்டியில் அரை மணி வைத்து எடுப்பேன். கடையில் சூடேற்றியைக் குறைத்துவிட்டு ஸ்வெட்டரோடு வேலை செய்கிறோம். விரல் விறைக்கும். தோலுக்கு நல்லது.

கொழுப்பு எடுத்தல்

வாணியம்பாடிக்காரனுக்குப் பழகிய இடம் இது. சாய்த்து வைத்த உருண்டை மரக்கட்டை, இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைந்த கத்தி. அப்பா கையில் பார்த்த அதே சாமானை இங்கே வந்து பார்த்தபோது சிரிப்பு வந்தது. கத்தியை அறுப்பதற்கு அல்ல, தள்ளுவதற்குப் பிடிக்கவேண்டும். கழுத்திலிருந்து தள்ளுங்கள். கொழுப்பும் சதையும் ஜவ்வும் சுருண்டு வரும். வெள்ளையாக, சற்று நீலம் பாரித்துத் தோல் தெரிந்தால் போதும். கொழுப்பு நின்றால் உப்பு உள்ளே இறங்காது. கத்திக்கு அடியில் தோல் மடிந்திருக்கக் கூடாது, மடிப்பில் போட்ட ஒரே தள்ளில் பதினைந்து சென்டிமீட்டர் கிழித்தவர்கள் உண்டு. குண்டு போன ஓட்டைகளைக் கடைசியில் தைத்துக்கொள்ளலாம்.

சீவியெடுத்த கழிவைக் காட்டில் எறியாதீர்கள். நோய் பரவுகிற வழிகளில் அதுவும் ஒன்று. இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக் கிடங்குக்கு.

உப்பு

அயோடின் சேர்க்காத பொடியுப்பு. கல்லுப்பு மெதுவாகக் கரையும், மடிப்புக்குள் போகாது. அளவுக்கு ஒரு கணக்கு: தோலின் எடைக்கு எடை உப்பு. நாலு கிலோ தோலுக்கு நாலு கிலோ. கைப்பிடி கைப்பிடியாகத் தூவினால் போதாது, தேய்க்கவேண்டும். திருப்பின காதுக்குள், இமை ஓரத்தில், திறந்த உதட்டில், மூக்குத் துவாரத்தில், வெட்டின ஓரங்கள் எல்லாவற்றிலும். என் முதலாளி ஒரு தோலுக்கு உப்புத் தேய்க்க இருபது நிமிடம் எடுப்பார், அதில் பத்து நிமிடம் முகத்துக்கே. சிலர் இந்த இடத்தில் போராக்ஸ் என்ற வெண்காரம் போடுகிறார்கள். பறவைத் தோலுக்குச் சரி. அமிலத் தொட்டிக்குப் போகவேண்டிய மான் தோலுக்கு வேண்டாம், அது காரம், அமிலத்தோடு சண்டை போடும்.

உப்புப் போட்டதும் சாய்வான பலகையில் விரித்து வையுங்கள். தண்ணீர் வடிந்து ஓடவேண்டும். தேங்கினால் தோல் தன் அழுக்கிலேயே ஊறும். ஒரு நாள் கழித்து ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்பு, மறுபடி ஒரு நாள். இரண்டாவது நாள் வடிவது குறைந்திருக்கும். குறையவில்லையென்றால் எங்கோ கொழுப்பை விட்டிருக்கிறீர்கள்.

உதறின உப்பை என்ன செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், பெரும்பாலும் வாசலில் பனி உருகக் கொட்டலாமே என்பார்கள். நான் கொட்ட விடமாட்டேன். இரத்தமும் கொழுப்பும் கலந்த உப்பு. போதாததற்கு, பாலாற்றங்கரையில் கிணற்றுத் தண்ணீர் கரித்துப்போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தோல் பதனிடும் எங்கள் மாவட்டத்து டேனரிகளின் கழிவு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996இல் தீர்ப்பு வந்தது. வாளியில் சேர்த்துக் கிடங்குக்குத்தான் அனுப்புகிறோம்.

இரண்டாவது உப்பை உதறியபின் தோலைக் காற்றோட்டமான இடத்தில் கம்பியில் போடுங்கள். மின்விசிறி இருக்கலாம், வெயிலும் அடுப்பும் கூடாது. ஓரிரு நாளில் விறைக்கத் தொடங்கும். முழுக்க விறைப்பதற்கு முன்பே, பதனிடும் இடத்துக்கு அனுப்பும் பெட்டியின் அளவுக்கு மடித்துவிடவேண்டும். அப்பளமாகக் காய்ந்தபின் மடித்தால் மடிப்பில் வெடிக்கும். காதுகள் உள்பக்கமாக வரட்டும், பயணத்தில் முதலில் உடைவது அவைதான். சீட்டைக் கம்பியால் கட்டுங்கள், நூல் வேண்டாம், பதனிடும் தொட்டியில் நூல் நிற்காது. பிளாஸ்டிக் பை போடாமல் அட்டைப் பெட்டியிலோ சணல் சாக்கிலோ வையுங்கள், மிச்சமிருக்கும் ஈரம் வெளியேறட்டும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். போன குளிர்காலத்தில் தரையில் வைத்த ஒரு பெட்டிக்குள் எலி புகுந்து, தோல் முழுவதையும் விட்டுவிட்டு வலது காதை மட்டும் தின்றிருந்தது.